மலை இரயில் பாதையோரம்: நடந்து கற்கும் பாடம்



மலைகளின் அரசி எனப் போற்றப்படும் உதகமண்டலத்தை அறியாதவர் நம்மிடையே இரார். கோடை விடுமுறையில் அங்கு சென்று வந்தவர்கள் ஏரியில் படகு விட்டதையும், தாவரவியல் பூங்காவில் மலர் கண்டதையும் சொல்லிச் சொல்லி மகிழ்வர். மேட்டுப்பாளையத்தில் அதிகாலையில் காத்திருந்து மலை இரயிலில் ஏறியவர்களும் சிலர் இருப்பர். ஆனால் “அந்த இரயில் எப்படி மலை ஏறுகிறது? அந்தப் பாதை நாள்தோறும் யாரால் காக்கப்படுகிறது?” என்று கேட்டால், பலரும் விழிப்பர். சன்னலோரத்தில் அமர்ந்து செல்பவருக்குக் காட்சி கிடைக்கும். பாடம் கிடைப்பது அரிது. மலையையும் பாதையையும் கற்க வேண்டுமானால் மெல்ல நடக்க வேண்டும். நின்று பார்க்க வேண்டும். அளந்து குறிக்க வேண்டும்.

எனினும் ஒன்றை முதலிலேயே மனத்தில் பதித்துக் கொள்வோம். பாதையோரம் நடப்பது வேறு. பாதையின் மீது நடப்பது வேறு. முன்னது கல்வி, பின்னது ஆபத்து. இவ்வேறுபாட்டின் காரணத்தையும் இக்கட்டுரையில் காண்போம்.

1. பாதை பிறந்த வரலாறு

நீலகிரி மலை இரயில் பாதை மேட்டுப்பாளையத்தில் தொடங்கி உதகமண்டலத்தில் முடிகிறது. இதன் நீளம் ஏறத்தாழ 46 கிலோமீட்டர். கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டர் உயரத்தில் புறப்படும் வண்டி, 2,203 மீட்டர் உயரத்தைச் சென்றடைகிறது. இது ஒரு மீட்டர் அகலமுள்ள ஒற்றைப் பாதை. வழியில் 16 குகைகள், 250 பாலங்கள், 208 வளைவுகள் உள்ளன. 46 கிலோமீட்டருக்குள் 208 வளைவுகள் என்றால், சராசரியாக ஒரு கிலோமீட்டருக்கு நான்குக்கும் மேல் அல்லவா?

இம்மலைக்கு இரயில் விட வேண்டும் என்ற யோசனை 1854-ஆம் ஆண்டிலேயே எழுந்தது. அது நிறைவேற அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அதுவரை மலை ஏறியவர்கள் குதிரையிலும், மாட்டு வண்டியிலும், ஆட்கள் சுமந்த பல்லக்கிலும் சென்றனர். பெரும்பாலோர் கால்நடையாகவே ஏறினர். சமவெளி இரயில் மேட்டுப்பாளையம் வரை வந்த பிறகும், மலையின் அடிவாரத்தில் அது நின்றுவிட்டது.

அக்காலத்தில் சுவிட்சர்லாந்து நாட்டில் மலை இரயில்கள் புகழ் பெற்றிருந்தன. 1871-இல் ரிகி மலையில் பல் தண்டவாளத்தின் உதவியால் இரயில் ஏறிற்று. அதை அமைத்த நிக்கலஸ் ரிகன்பாக் என்னும் பொறியாளரே நீலகிரிப் பாதைக்கும் ஒரு திட்டம் வகுத்துத் தந்தார். பின்னர் ரோமன் ஆப்ட் என்ற மற்றொரு சுவிட்சர்லாந்துப் பொறியாளர் கண்டுபிடித்த முறையே இங்குக் கையாளப்பட்டது. 1891-இல் வேலை தொடங்கியது. முதலில் ஏற்ற கம்பெனி பணமுடையால் கலைந்தது. புதிய கம்பெனி பணியைத் தொடர்ந்தது. 1899-இல் குன்னூர் வரையிலும், 1908-இல் உதகமண்டலம் வரையிலும் பாதை திறக்கப்பட்டது.

இன்றுள்ள இயந்திரங்கள் இல்லாத நாள் அது. பாறையை உடைத்தும், மண்ணைக் கூடையில் சுமந்தும், காட்டுக் காய்ச்சலுக்கு நடுவே பதினேழு ஆண்டுகளில் இப்பாதை உருவாயிற்று. திட்டம் தீட்டியவர்களின் பெயர்கள் நூல்களில் உள்ளன. மண் சுமந்த ஆண்கள், பெண்களின் பெயர்கள் எங்கும் இல்லை. ஒவ்வொரு குகையையும் பாலத்தையும் காணும்போது அவர்களை நன்றியுடன் நினைப்பது நம் கடமை.

2005-ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் இப்பாதையை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 1999-இல் அறிவிக்கப்பட்ட டார்ஜிலிங் மலை இரயிலும், 2008-இல் அறிவிக்கப்பட்ட கால்கா–சிம்லா மலை இரயிலும் இதன் உடன்பிறந்த சகோதரிகள் போன்றவை.

2. வண்டி வழுக்காமல் ஏறுவது எப்படி?

இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின் மீது உருளும்போது உராய்வு மிகக் குறைவு. சமவெளியில் இது நன்மை. சிறு விசையால் பெரும் பாரத்தை இழுக்க முடிகிறது. செங்குத்தான மலையில் இதுவே தீமை. சக்கரம் இடத்திலேயே சுழலும், வண்டி பின்னே வழுக்கும். மும்பைக்கும் புனேவுக்கும் இடையிலுள்ள போர்க் கணவாயில் ஏற்றம் 37-க்கு 1. அதாவது, 37 மீட்டர் முன்னே சென்றால் ஒரு மீட்டர் உயரம். அதற்கே அங்குக் கூடுதல் எஞ்சின்கள் தேவைப்படுகின்றன. நம் நீலகிரிப் பாதையிலோ, கல்லாறு முதல் குன்னூர் வரை ஏற்றம் 12.5-க்கு 1 வரை உள்ளது!

இதனைக் கோணமாக மாற்றிப் பாருங்கள். ஏறத்தாழ நாலரை பாகை வரும். “இவ்வளவுதானா?” என்று தோன்றும். நம் கால்களுக்கு இது எளிய சரிவு. இரயில் வண்டிக்கோ இது சுவர் போன்றது.

இங்குதான் ஆப்ட் முறை உதவிக்கு வருகிறது. இரு தண்டவாளங்களுக்கும் நடுவே, பற்கள் வெட்டிய இரண்டு இரும்புச் சட்டங்கள் பக்கம் பக்கமாகப் பதிக்கப்பட்டுள்ளன. ஒரு சட்டத்தின் பல் இருக்கும் இடத்தில் மற்றொன்றின் பள்ளம் இருக்கும். எஞ்சினுக்கு அடியிலுள்ள பற்சக்கரங்கள் இவற்றில் பொருந்திச் சுழல்கின்றன. ஒரு பல் விடுபடும் நேரத்தில் மற்றொரு பல் பிடித்துக் கொள்வதால், பிடி எந்த நொடியும் தளர்வதில்லை. ஏணியில் ஏறும்போது ஒரு கையை எடுக்குமுன் மறு கையால் பற்றிக் கொள்கிறோமே, அது போலத்தான் இது.

இப்பாதைக்கென ‘எக்ஸ்’ வகை நீராவி எஞ்சின்கள் சுவிட்சர்லாந்திலுள்ள விண்டர்தூர் நகரில் செய்யப்பட்டன. பிற்காலத்தில் நம் திருச்சி பொன்மலைத் தொழிற்சாலையிலேயே புதிய எஞ்சின்கள் கட்டப்பட்டன என்பது நமக்குப் பெருமை. இவ்வகை எஞ்சினில் நான்கு நீராவி உருளைகள் உண்டு. அழுத்தம் மிக்க நீராவி முதலில் இரண்டு உருளைகளில் புகுந்து சாதாரணச் சக்கரங்களை இயக்கும். அங்கிருந்து வெளியேறும் அதே நீராவி மற்ற இரண்டு உருளைகளில் புகுந்து பற்சக்கரங்களைச் சுழற்றும். சிக்கனத்துக்கு இதைவிடச் சிறந்த சான்று உண்டோ?

மலை ஏறும்போது எஞ்சின் வண்டிக்கு முன்னால் இராது. பின்னால் நின்று தள்ளும். பெட்டிகளின் இணைப்பு எதிர்பாராமல் அறுந்தாலும், பெட்டிகள் கீழே உருண்டோடாமல் எஞ்சின் தாங்கிக் கொள்ளும் என்பதே காரணம். அப்படியானால் எதிரே வருவது ஓட்டுநருக்கு எப்படித் தெரியும்? பெட்டிகளின் முன் மேடைகளில் பிரேக்கர்கள் நிற்பர். அவர்கள் காட்டும் பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியுமே ஓட்டுநருக்குக் கண். இந்தப் பகுதியில் வண்டியின் வேகம் மணிக்குச் சுமார் 13 கிலோமீட்டர்தான்.

3. அடிக்கு அடி மாறும் நிலம்

புவியியல் பாடத்தில் ‘உயரம் கூடக் கூட வெப்பம் குறையும்’ என்று படிக்கிறோம். ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ 6.5 பாகை செல்சியஸ் என்பது பொதுக் கணக்கு. மேட்டுப்பாளையத்துக்கும் உதகைக்கும் உயர வேறுபாடு 1,877 மீட்டர். எனவே, ஏறத்தாழ 12 பாகை குறைய வேண்டும். அடிவாரத்தில் வியர்த்துப் புறப்படுகிறவர்கள் உச்சியில் கம்பளி தேடுவது இதனால்தான். உயரத்தில் காற்றழுத்தமும் குறைவு. உதகையில் தண்ணீர் 93 பாகையை ஒட்டியே கொதித்து விடும். அங்குத் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நேரமாவதன் காரணம் இதுவே.

நிலத்தின் கோலமும் படிப்படியாக மாறுகிறது. கல்லாற்றில் பாக்குத் தோப்புகளும் பழத்தோட்டமும் உள்ளன. அங்கிருந்து பல் தண்டவாளம் தொடங்குகிறது. அடர்லி, ஹில்குரோவ் வழியாக ஏறும்போது மூங்கிலும் அடர்ந்த காடும் சூழ்கின்றன. ஒரு பக்கம் ஈரம் கசியும் பாறை. மறு பக்கம் கண் கூசும் பள்ளத்தாக்கு. எஞ்சின் தண்ணீர் பிடிக்க ஹில்குரோவில் நிற்கும்போது, குரங்குகள் பயணிகளை வரவேற்கக் காத்திருக்கும். ரன்னிமேடு, காட்டேரி ரோடு நிலையங்களைக் கடந்தால் தேயிலைத் தோட்டங்கள் பச்சைக் கம்பளமாய் விரிகின்றன.

குன்னூரின் உயரம் ஏறத்தாழ 1,700 மீட்டர். இங்குப் பல் தண்டவாளம் முடிகிறது. இதற்கு மேல் ஏற்றம் 25-க்கு 1 என்ற அளவில் தணிவதால், சாதாரணச் சக்கரங்களே போதும். வெலிங்டனில் இராணுவப் பயிற்சி நிலையமும், அரவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலையும் உள்ளன. கேத்தியில் பள்ளத்தாக்கு முழுவதும் உருளைக்கிழங்கு, காரட், முட்டைகோசுப் பாத்திகள். ஆங்காங்கே படகர் மக்களின் சிற்றூர்கள். லவ்டேலைக் கடந்து, பாதை சற்றே இறங்கி உதகையை அடைகிறது.

இயற்கையான சோலைக்காடுகள் இம்மலையின் மடிப்புகளில் சிறு சிறு திட்டுகளாகவே எஞ்சியுள்ளன. அவற்றின் மண் பஞ்சு போல் மழைநீரை உறிஞ்சி வைத்துச் சிறுகச் சிறுக ஓடையில் விடும். யூகலிப்டஸ், சீகை மரங்கள் வெளிநாட்டிலிருந்து வந்து நடப்பட்டவை. ‘பச்சையாக இருப்பதெல்லாம் காடு’ என்று எண்ணுவோர், சோலையையும் தோட்டத்தையும் வேறுபடுத்தி அறிய இப்பயணம் நல்ல வாய்ப்பு.

4. நாள்தோறும் நடப்பவர்கள்

பாதையின் மீது நடக்க உரிமையும் கடமையும் உள்ளவர்கள் சிலர் உண்டு. அவர்கள் இருப்புப் பாதைப் பராமரிப்பு ஊழியர்கள். ‘கேங்மேன்’ என்றும் ‘கீமேன்’ என்றும் முன்னாளில் இவர்களை அழைத்தனர். தமக்கென ஒதுக்கிய தூரத்தைக் கீமேன் நடந்தே பார்வையிடுவார். தண்டவாளத்தைக் கட்டைகளுடன் பிணைக்கும் ஆணி தளர்ந்துள்ளதா, மரை கழன்றுள்ளதா, விரிசல் விழுந்துள்ளதா என்று கண்ணாலும் சுத்தியலின் ஓசையாலும் அறிவார். பழுது கண்டால் சிவப்புக் கொடி காட்டியும், தண்டவாளத்தில் எச்சரிக்கை வெடி வைத்தும் வண்டியை நிறுத்துவார்.

மலைப்பாதையில் இவர்களுடைய பொறுப்பு இன்னும் பெரிது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை குன்னூர்ச் சரிவுகளைத் தாக்கும். நீர் ஊறிய மண் கனத்து, பாறையிலிருந்து நழுவிச் சரியும். 1993 நவம்பரில் குன்னூருக்குக் கீழே மரப்பாலம் பகுதியில் ஏற்பட்ட நிலச்சரிவில் பலர் மாண்டனர். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் உயிரிழந்தனர். மலை இரயில் பாதையும் பெரிதும் சேதமடைந்து, மேட்டுப்பாளையம்–குன்னூர் வண்டி மாதக்கணக்கில் நின்றது.

இத்தகைய சேதங்களைத் தடுப்பதில் பாதையோர வடிகால்களுக்குப் பெரும் பங்குண்டு. சரிவிலிருந்து இறங்கும் நீர் அவற்றின் வழியே ஓடிவிட்டால் மண் தாங்கும். அடைபட்டால் நீர் தேங்கி மண் கரையும். ஒரு பிளாஸ்டிக் பை, சில தண்ணீர்ப் புட்டிகள், கொஞ்சம் சருகு போதும், ஒரு சிறு வடிகாலை அடைக்க! சன்னல் வழியே நாம் வீசும் குப்பை வெறும் அழகுக் கேடு மட்டுமே என்று எண்ண வேண்டாம். அதனை அள்ள மழையில் நனைந்து வருபவர், அந்தப் பாதையின் உயிரைக் காக்கவே வருகிறார்.

5. நாம் எங்கே நடக்கலாம்?

“தண்டவாளத்தின் மீதே நடந்து சென்றால் குகைகளையும் பாலங்களையும் அருகில் காணலாமே!” என்று சிலர் ஆசைப்படுவர். புகைப்படம் எடுப்பதற்காக அப்படிச் செல்வோரும் உண்டு. அது 1989-ஆம் ஆண்டு இரயில்வே சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். சட்டத்தை விடுங்கள், நாம் கற்ற பாடத்தையே வைத்துச் சிந்திப்போம்.

(அ) மலை ஏறும் வண்டியின் ஓட்டுநர் பின்னால் இருக்கிறார். உங்களை அவர் காண முடியாது.
(ஆ) பாலங்களில் ஒதுங்க இடமில்லை. கட்டைகளுக்கு நடுவே கால் தவறினால் கீழே பள்ளம்.
(இ) குகைக்குள் பாறைச் சுவருக்கும் வண்டிக்கும் இடையே உள்ள இடைவெளி மிகக் குறைவு.
(ஈ) கல்லாற்றுப் பகுதி யானைகள் காலங்காலமாகக் கடந்து செல்லும் வழித்தடம். குட்டியுடன் வரும் யானைக்கு முன், செங்குத்தான சரிவில் ஓடித் தப்ப வழியில்லை.

காட்டில் நடக்க விரும்பினால் வனத்துறையின் அனுமதியும் வழிகாட்டியும் இன்றிச் செல்லவே கூடாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டக் குரங்கணி மலையில் நடைப்பயணம் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி, 20 பேருக்கு மேல் உயிரிழந்தனர். அவர்களில் இளம் பெண்களும் பலர். அதன் பின் தமிழக அரசு மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. 2024-இல் வனத்துறையே வழிகாட்டிகளுடன் செல்லும் மலையேற்றத் திட்டத்தைத் தொடங்கியது. அவ்வழியே செல்வது அறிவுடைமை.

பள்ளி மாணவியர் குழுவுக்கு ஏற்ற எளிய நடைப்பயணம் ஒன்றைச் சொல்கிறேன். குன்னூர் நிலையத்தின் நடைமேடையிலிருந்தே எஞ்சின் மாற்றப்படுவதைக் காணலாம். பின்பு அங்கிருந்து வெலிங்டன் வழியாக அரவங்காடு வரை, ஏறத்தாழ 4 கிலோமீட்டர் தூரத்தைச் சாலை வழியே நடக்கலாம். இருப்புப் பாதை பல இடங்களில் கண்ணுக்குத் தென்படும். வாகனங்கள் மிகுந்த சாலை ஆதலால், எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி வலப்புறமாக, ஒருவர் பின் ஒருவராகச் செல்ல வேண்டும். அரவங்காட்டிலிருந்து உதகைக்கு இரயிலிலேயே போகலாம். நடந்த தூரத்தையும் வண்டியில் சென்ற தூரத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க இது உதவும்.

கையில் இருக்க வேண்டியவை: குறிப்பேடு, பென்சில், வெப்பமானி, தண்ணீர், மழைக்கோட்டு, வழுக்காத காலணி, குப்பையைத் திரும்பக் கொண்டு வர ஒரு துணிப்பை. ஒவ்வொரு நிலையத்திலும் நேரம், வெப்பநிலை, பெயர்ப்பலகையில் உள்ள உயரம், கண்ட மரம், கேட்ட பறவை ஆகியவற்றைக் குறித்துக் கொள்ளுங்கள். ஆசிரியையின் துணையும் பெற்றோரின் இசைவும் இன்றியமையாதவை.

“பெண் பிள்ளைகளுக்கு மலையேற்றம் எதற்கு?” என்று கேட்கும் பெரியோர் இன்றும் உண்டு. 1984-இல் பச்சேந்திரி பால் எவரெஸ்ட் சிகரத்தில் கால் பதித்தபோதே இக்கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. எனினும் விதிகளை மதித்து, ஒழுங்குடன் சென்று, ஒருவர் குறையாமல் திரும்பி வந்து, கற்றதை எடுத்துச் சொல்லும் மாணவியர் குழுவே நம் ஊர்ப் பெரியோருக்குத் தெளிவான விடை.

முடிவாக

ஓர் இரயில் பாதையில் கணிதம் உண்டு, இயற்பியல் உண்டு, புவியியல் உண்டு, வரலாறு உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக மனித உழைப்பு உண்டு. நூறாண்டுக்கு மேலாக அந்தச் சிறு வண்டி மலை ஏறி வருகிறது என்றால், அதற்குப் பல் தண்டவாளம் ஒரு காரணம். மழையிலும் பனியிலும் அதனோடு நடந்த கால்கள் மற்றொரு காரணம். அடுத்த முறை உதகைக்குச் செல்லும்போது, பாதையோரம் ஒதுங்கி நின்று வண்டிக்கு வழிவிடும் ஊழியரைக் கண்டால், கையசைத்து வணக்கம் சொல்லுங்கள். நாம் பத்திரமாக மலை ஏறுவது அவர் காலையில் நடந்ததால்தான்.

சிந்தித்து விடை காண்க

1. கல்லாற்றின் உயரம் 405 மீட்டர், குன்னூரின் உயரம் 1,711 மீட்டர் எனக் கொள்க. இடைப்பட்ட பாதை 20 கிலோமீட்டர் எனில், சராசரி ஏற்றம் என்ன? அது 12.5-க்கு 1 என்பதைவிடக் குறைவாக இருப்பது ஏன்?
2. மணிக்கு 13 கிலோமீட்டர் வேகத்தில் நிற்காமல் சென்றால், அத்தூரத்தைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகும்?
3. இரு பற்சட்டங்களுக்குப் பதிலாக ஒன்றே இருந்தால் என்ன குறை நேரும்?
4. உங்கள் ஊரில் மழைநீர் வடிகால் அடைபடும் இடம் எது? அதைத் தடுக்க உங்கள் வகுப்பு என்ன செய்யலாம்?